இதயத்தில் தொடங்கும் லிம்போமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ அறிக்கையில் ‘வலது மேலறையில் கட்டி’ என்ற வரியைப் படித்துவிட்டு உறங்காமல் விழித்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. லிம்போமா என்பது வெள்ளை அணுக்களில் தோன்றும் ஒரு புற்றுநோய்; அது இதயத்திலேயே தொடங்குவது மிக மிக அரிது. பல இதய மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே கேள்விகள் நிறைய எழுவது இயல்பு. இங்குள்ள பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளியின் உடல்நிலை தெரிந்தவர் அவருடைய மருத்துவர்தான்.

இதயத்துக்குப் புற்றுநோய் வரவே வராது என்கிறார்களே?

வரும், அரிதாக. இதயத் தசைச் செல்கள் நாம் பிறந்து சிறிது காலத்துக்குப் பின் அநேகமாகப் பிரிவதே இல்லை. பிரியாத செல்லில் புற்றுநோய் தொடங்குவது கடினம். ஆனால் இதயம் முழுக்கத் தசையால் ஆனதன்று. ரத்தக் குழாய், கொழுப்பு, இணைப்புத் திசு, நிணநீர்க் குழாய், வெளியே ஓர் உறை என எல்லாம் அதில் உண்டு.

இதயத்தில் காணப்படும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை நுரையீரல், மார்பகம், தோல் போன்ற வேறு இடங்களில் தோன்றிப் பரவியவை. இதயத்திலேயே தோன்றும் கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. 1954-ல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் இதய–நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியது அத்தகைய கட்டியைத்தான். புற்றுநோயாக இருப்பவற்றில், தசை, இணைப்புத் திசு போன்றவற்றில் தோன்றும் சார்க்கோமா முதலிடத்திலும் லிம்போமா அதற்கு அடுத்தும் வருகின்றன.

லிம்போமா என்றால் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதுதானே? இதயத்தில் எப்படி?

லிம்போமா லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் தோன்றும் புற்றுநோய். அவை நிணக்கணுக்களில் மட்டும் இருப்பதில்லை. உடம்பெங்கும் சுற்றிவருகின்றன. அதனால் வயிறு, மூளை, தோல், விரை என எங்கும் லிம்போமா தொடங்கலாம். அப்படி நிணக்கணுக்களுக்கு வெளியே தொடங்குபவற்றில் இதயத்தின் பங்கு சுமார் அரை சதவீதம். இதயத்தில் தோன்றும் கட்டிகளின் பக்கமிருந்து கணக்கிட்டால் 1 முதல் 2 சதவீதம்.

இதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ‘பரவிய பெரும் பி–செல் லிம்போமா’ என்ற வகை. பி–செல் என்பது லிம்போசைட்டுகளில் ஒரு வகை. பெயரில் ‘பரவிய’ என்று இருப்பதைப் பார்த்து நோய் உடலெங்கும் பரவிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். நுண்ணோக்கியின் கீழே செல்கள் கூட்டம் கூட்டமாகச் சேராமல் விரிந்து கிடக்கும் தோற்றத்தையே அது குறிக்கிறது. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினருக்கு. பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல். எச்ஐவி உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஆபத்து அதிகம், ஆனால் எதிர்ப்பாற்றல் நன்றாக இருப்பவர்களுக்கும் வருகிறது. புகைப்பிடித்தல், கொழுப்பு உணவு என்று மாரடைப்புக்குச் சொல்லப்படும் காரணங்களை இங்கே கொண்டுவந்து நோயாளியைக் குற்றஞ்சாட்டுவதில் பொருளில்லை.

பிள்ளைகளுக்கும் வருமா? எங்களுக்குத் தொற்றுமா?

பரம்பரை நோயாக இது அறியப்படவில்லை. தொற்றவும் தொற்றாது.

என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த லிம்போமாவுக்கு இதயத்தின் வலப்பக்கம்தான் பிடித்த இடம், குறிப்பாக வலது மேலறை. உடம்பின் கெட்ட ரத்தம் முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. வழி அடைபட்டால் ரத்தம் பின்னால் தேங்கும். கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும், வயிற்றில் நீர் சேரும். தலை, கைகளிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை அடைபட்டால் முகமும் கழுத்தும் வீங்கும். காலையில் எழும்போது அது அதிகமாகத் தெரியும்.

இரண்டாவது, மின்னோட்டம். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முனையும், துடிப்பைக் கீழறைகளுக்குக் கடத்தும் முனையும் வலது மேலறைச் சுவரிலேயே இருக்கின்றன. கட்டி அங்கே ஊடுருவினால் துடிப்பு தாறுமாறாக ஓடலாம், அல்லது கடத்தல் தடைபட்டு நாடித் துடிப்பு மிகவும் குறைந்து ஆள் மயங்கி விழலாம்.

மூன்றாவது, இதய உறையில் நீர் கோர்ப்பது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் மூச்சுவாங்கல். விரைந்து சேர்ந்தால் இதயம் விரிய இடமின்றி ரத்த அழுத்தம் சரியும். அது அவசர நிலை, நீரை உடனே வடிக்க வேண்டும்.

காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் என்ற வழக்கமான லிம்போமா அறிகுறிகள் இருந்தாலும் இருக்கலாம். இல்லாததை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

எக்கோவில் கட்டி தெரிகிறது. அது லிம்போமாதான் என்று எக்கோவிலேயே சொல்ல முடியாதா?

முடியாது. ரத்த உறைவு, மிக்ஸோமா, சார்க்கோமா, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய், லிம்போமா எல்லாமே எக்கோவில் ஒரு நிழலாகத்தான் தெரியும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ மேலறைகளை இன்னும் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. கூடுதலாகச் சொல்லும். கட்டிக்குள் ரத்த ஓட்டம் உண்டா என்று பார்த்து உறைவைப் பிரித்தறிய அது உதவுகிறது. சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் லிம்போமாவுக்கு ஒரு கைரேகை போன்ற குணம் உண்டு: மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பரவி, அங்கே ஓடும் வலது இதயத் தமனியைச் சுற்றி வளைத்துக்கொள்ளும், ஆனால் பெரும்பாலும் அதை நெரிக்காது. சார்க்கோமா இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்வதில்லை.

இவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். நோயின் பெயரைச் சொல்வது எடுத்துப் பார்க்கும் திசுவோ செல்லோ மட்டுமே.

பெட் ஸ்கேனுக்கு முந்தைய நாள் சோறு சாப்பிடக் கூடாது என்றார்கள். ஏன்?

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய் அதை ஆவலோடு உறிஞ்சி ஒளிரும். சிக்கல் என்னவென்றால், வழக்கமான உணவு சாப்பிட்டால் இதயத் தசையும் குளுக்கோஸை உறிஞ்சிக்கொண்டு ஒளிரும். கட்டி எது, தசை எது என்று தெரியாது. மாவுச்சத்தை விலக்கிக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, பிறகு நெடுநேரம் பட்டினி போட்டால் இதயத் தசை கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கட்டி தனித்துத் தெரியும். ஆகவே முந்தைய நாள் இட்லி, சோறு, சப்பாத்தி, பழம், சர்க்கரை போட்ட காபி எதுவும் கூடாது. முட்டை, பனீர், மீன், எண்ணெய் சேர்த்த கீரை போன்றவை சரி. நீரிழிவு உள்ளவர்கள் மருந்து அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். உடலில் வேறெங்கும் லிம்போமா உள்ளதா என்று பார்ப்பதும் இந்த ஸ்கேனின் வேலை.

அப்பாவுக்கு இதய உறையில் நீர் இருக்கிறது. காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் இதய உறை நீருக்குக் காசநோய் முக்கியமான காரணம். மருத்துவர் முதலில் அதை நினைப்பது தவறில்லை. காய்ச்சல், எடை இழப்பு, ரத்தம் கலந்த நீர் என இரண்டு நோய்களும் ஒரே வேடத்தில் வரும். நீரில் ஏ.டி.ஏ. என்ற நொதி கூடியிருந்தால் காசநோய் என்று கருதுவது வழக்கம். லிம்போமாவிலும் அது கூடலாம். காசநோய்க் கிருமியை நீரில் நேரடியாகக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. ஆகவே கிருமி தென்படாமலேயே மருந்து தொடங்குவது நம் ஊர் நடைமுறையில் சகஜம்.

ஆபத்து எங்கே என்றால், காசநோய் மாத்திரையோடு பலருக்கு ஸ்டீராய்டும் கொடுக்கப்படுகிறது. ஸ்டீராய்டு லிம்போமா செல்களைக் கொல்லும். சில நாள்களிலேயே நீர் வற்றும், மூச்சு சீராகும், கட்டி சுருங்கும். வீட்டார் நிம்மதி அடைவார்கள், மருத்துவரும் காசநோய்தான் என்று உறுதிகொள்வார். ஆனால் ஸ்டீராய்டு மட்டும் இந்த நோயைக் குணப்படுத்தாது. அளவைக் குறைத்ததும் கட்டி திரும்பும். இடையில் பயாப்ஸி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தால் செத்த செல்கள் மட்டுமே கிடைக்கலாம், நோயறிய உதவாமல் போகலாம்.

எனவே கேட்க வேண்டியது ஒன்று: ஸ்டீராய்டைத் தொடுவதற்கு முன், எடுத்த நீர் செல் ஆய்வுக்கும், செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கும் போயிருக்கிறதா? எக்கோவில் நீரோடு கட்டியும் தெரிந்தால், அல்லது காசநோய் மருந்துக்குப் பிறகும் நீர் மீண்டும் மீண்டும் சேர்ந்தால், இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நோயாளி உயிருக்குப் போராடும் நிலையில் பயாப்ஸிக்குக் காத்திருக்க முடியாமல் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வரலாம். அது வேறு. அப்போதும் வடித்த நீரையாவது ஆய்வுக்கு அனுப்பலாம்.

இதயத்திலிருந்து சதை எடுப்பதா? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் பலர் நினைப்பதுபோல எப்போதும் நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. எளிதான இடத்திலிருந்து தொடங்குவதே முறை. கழுத்திலோ நெஞ்சின் நடுப்பகுதியிலோ பெருத்த நிணக்கணு இருந்தால் அங்கிருந்து எடுப்பார்கள். உறையில் நீர் இருந்தால் ஊசி மூலம் வடித்துச் செல்களைப் பார்ப்பார்கள். அதில் புற்றுநோய்ச் செல் கிடைத்தால் பெரும்பாலும் வேறு பயாப்ஸியே தேவைப்படாது. கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்த படி, கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய கருவியை வலது மேலறைக்குள் செலுத்தி, எக்கோவில் பார்த்துக்கொண்டே கட்டியிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுப்பது. ஆஞ்சியோ செய்யும் அறையிலேயே நடக்கும். கட்டியின் துகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போவது, சுவரில் துளை விழுவது, துடிப்பு தடுமாறுவது ஆகிய ஆபத்துகள் உண்டு. அதனால் அறுவைக் குழு தயாராக உள்ள மருத்துவமனையில் செய்வது நல்லது. இதுவும் உதவாதபோது, விலா இடையே சிறு துளையிட்டு உறையிலிருந்தோ, திறந்த அறுவையிலோ திசு எடுப்பார்கள்.

எடுத்த துணுக்கில் சி.டி.20 போன்ற, செல்களின் மேலுள்ள புரத அடையாளங்களைச் சோதிப்பார்கள். பி–செல் வகையா, டி–செல் வகையா என்பது அதில்தான் தெரியும். அறிக்கை வர சில நாள்கள் ஆகும். அந்தக் காத்திருப்பு கொடுமையானது, ஆனால் அதைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டால் முடிந்தது அல்லவா?

மிக்ஸோமாவுக்கு ஆம். லிம்போமாவுக்கு இல்லை. அது இதயச் சுவருக்குள் ஊடுருவி வளர்வதால் முழுவதையும் வெட்டி எடுக்க முடியாது. எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்கேனும் இருக்கும். பெரிய அறுவைக்குப் பின் உடல் தேறும்வரை கீமோ தள்ளிப்போவது இன்னொரு நட்டம். ரத்தம் செல்லும் வழியைக் கட்டி அடைத்து உயிருக்கு ஆபத்தாக இருந்தாலோ, வேறு வழியில் திசு கிடைக்காவிட்டாலோ அறுவைக்கு இடமுண்டு. மற்றபடி, மருந்துக்கு இவ்வளவு விரைவில் கரையும் இதயப் புற்றுநோய் வேறில்லை. சார்க்கோமாவா லிம்போமாவா என்று தெரிந்துகொள்ளாமல் அறுவை மேசைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் சிகிச்சை என்ன?

வழக்கமானது ஆர்–சாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐந்து மருந்துக் கூட்டு: ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசலோன். 21 நாள்களுக்கு ஒருமுறை, பொதுவாக 6 சுற்றுகள். ரிட்டுக்சிமாப் பி–செல்களின் மேலுள்ள சி.டி.20 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. 1997-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது லிம்போமா சிகிச்சையையே மாற்றியது. 2007-ல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தைக் கொண்டுவந்த பிறகு இந்தியாவில் விலையும் இறங்கியது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் சுற்றுகளுக்கு இடமுண்டு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ரிட்டுக்சிமாப் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். உடலில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இம்மருந்து எழுப்பிவிடும். எச்ஐவி சோதனையும் செய்வார்கள்.

முதல் சுற்றை மட்டும் ஐ.சி.யு.வில் வைத்துக் கொடுக்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா?

பயப்பட வேண்டாம், அது முன்னெச்சரிக்கை. இந்த நோயில் மருந்து வேலை செய்யாததைவிட அளவுக்கு மீறி விரைவாக வேலை செய்வதைப் பற்றித்தான் முதல் வாரத்தில் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். இதயச் சுவரின் ஒரு பகுதி முழுக்கக் கட்டியாகவே மாறியிருந்தால், கட்டி திடீரென்று கரையும்போது அங்கே துளை விழலாம். துணுக்குகள் நுரையீரலை அடைக்கலாம். துடிப்பு குழம்பலாம். அதனால் பல மையங்களில் முதலில் ஸ்டீராய்டு மட்டும், அல்லது குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு சேர்த்து, சில நாள்கள் மெதுவாகக் கொடுத்துவிட்டுப் பிறகு முழு அளவுக்குப் போகிறார்கள். பயாப்ஸிக்கு முன் தீங்கு செய்த அதே ஸ்டீராய்டு, பயாப்ஸிக்குப் பின் முதல் மருந்தாகிறது.

பெருமளவில் சாகும் செல்களிலிருந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டும்; சிறுநீரகம் திணறும். அதற்கு அலோப்யூரினால் அல்லது ரஸ்புரிகேஸ் மருந்தும், போதிய திரவமும் வேண்டும். ஆனால் இதயம் தளர்ந்தவருக்கு அதிகத் திரவம் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேரும். இந்தக் கத்தி முனை நடைக்காகத்தான் ஐ.சி.யு.வும், இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவமனையும்.

டாக்சோரூபிசின் இதயத்தைக் கெடுக்கும் என்று படித்தேன். இதயத்திலேயே நோய் உள்ளவருக்கு அதைக் கொடுப்பதா?

சரியான கேள்வி. இந்தச் சிவப்பு மருந்து வாழ்நாளில் உள்ளே போகும் மொத்த அளவுக்கு ஏற்ப இதயத் தசையைப் பாதிக்கும். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டும்போது ஆபத்து கூர்மையாக ஏறுகிறது. ஆர்–சாப் ஒரு சுற்றில் 50 மில்லிகிராம், 6 சுற்றில் 300. எல்லைக்கு உள்ளேதான். நோயைக் கரைப்பதில் இதன் பங்கு பெரியது என்பதால், இதயம் தாங்கும் என்றால் விட்டுவிட மனம் வருவதில்லை. ஏற்கெனவே இதயத்தின் பம்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைப்பதும், வேறு மருந்தை மாற்றுவதும் உண்டு. இடையிடையே எக்கோ எடுப்பார்கள். மருந்து ஏறிய பின் சிறுநீர் ஓரிரு நாள் செம்மையாகப் போவது ரத்தம் அன்று, மருந்தின் நிறம்.

நாடித்துடிப்பு 40-க்கு இறங்கிவிட்டது. நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார்கள். வைக்க வேண்டுமா?

கட்டி கடத்தல் பாதையை அடைத்ததால் ஏற்பட்ட தடை, கட்டி கரைந்ததும் சரியான நோயாளிகள் உண்டு. அதனால் தற்காலிக பேஸ்மேக்கரோடு சில வாரம் பார்க்கலாமா என்று கேட்பது நியாயம். எல்லோருக்கும் அது பொருந்தாது. வலது அறைகளில் கட்டி நிறைந்திருந்தால் கம்பியை எங்கே நிறுத்துவது என்பதே பிரச்சினை. முடிவு இதய மின்னோட்ட நிபுணருடையது.

குணமாகுமா?

ஆகலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் வாரங்களிலோ சில மாதங்களிலோ உயிரைப் பறிக்கும் நோய் இது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, 1949 முதல் 2009 வரை மருத்துவ இதழ்களில் பதிவான 197 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. அதில் நடுமதிப்பு ஆயுள் சுமார் ஓராண்டுதான், அதாவது பாதிப் பேர் அதற்குமேல் வாழ்ந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் அதன் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ரிட்டுக்சிமாப் இல்லாத காலத்தவர்கள், நோய் தெரியுமுன்னே இறந்தவர்கள், எச்ஐவிக்கு மருந்து இல்லாத ஆண்டுகளில் வந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கியது. முழுமையாக மறைந்து பல ஆண்டுகள் நலமாக இருப்பவர்களும் உண்டு. இடது கீழறையிலும் கட்டி இருப்பது, எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பது, இதயத்துக்கு வெளியேயும் நோய் இருப்பது ஆகியவை பாதகமான அறிகுறிகள்.

மிக்ஸோமா என்று எடுத்த கட்டியில் ‘தற்செயலாக லிம்போமா’ என்று அறிக்கை வந்திருக்கிறது. கீமோ வேண்டுமா?

இது தனிக் கதை. மிக்ஸோமாவிலும், செயற்கை வால்வின் மேலும், பழைய ரத்த உறைவிலும் படியும் ஃபைப்ரின் என்ற உறைவுப் புரதத்துக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவில் பெரும் பி–செல்கள் சிறு சிறு திட்டாகக் கிடப்பதுண்டு. அவற்றில் எப்ஸ்டீன்–பார் வைரஸ் இருக்கும். செல்லின் முகம் கொடூரமானது, நடத்தை சாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இதை ‘ஃபைப்ரின் சார்ந்த பெரும் பி–செல் லிம்போமா’ என்று தனி நோயாகவே பிரித்துவிட்டது. மிக்ஸோமாவோடு முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தால் பலருக்கு அறுவையே போதுமானதாக இருந்திருக்கிறது. உடலில் வேறெங்கும் இல்லை என்பதைப் பெட் ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு, கீமோ தொடங்குமுன் லிம்போமாவில் தேர்ந்த நோயியல் மருத்துவர் ஒருவரிடம் பயாப்ஸி பிளாக்கை (மெழுகில் பதித்துவைத்த திசுவை) கொடுத்து இரண்டாம் கருத்து வாங்குங்கள்.

கட்டியே இல்லை, இதய உறை நீரில் மட்டும் லிம்போமா செல்கள் என்கிறார்கள்.

அதிலும் இரண்டு வகை. எச்ஐவி உள்ளவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது மனித ஹெர்ப்பிஸ் 8 வைரஸால் (ஹெச்.ஹெச்.வி.8) வருவது, கடுமையானது. முதியவர்களிடம், இதயத் தளர்ச்சி, ஈரல் சுருக்கம் போன்றவற்றால் உடலில் நீர் தேங்கும் நிலையில், அந்த வைரஸ் இல்லாமல் வரும் வகை ஒன்று உண்டு. அது மென்மையானது, நீரை வடித்ததோடு அடங்கிவிட்டவர்கள்கூட இருக்கிறார்கள். நீரில் ஹெச்.ஹெச்.வி.8 சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு?

கடைசிச் சுற்று முடிந்து 6 முதல் 8 வாரத்தில் பெட் ஸ்கேன், அதே உணவுக் கட்டுப்பாட்டோடு. இதயச் சுவரில் தழும்பு இருக்கலாம்; எக்கோவில் எஞ்சிய தடிப்பு தெரிந்தாலே நோய் மிச்சம் என்று எண்ண வேண்டாம், பெட்டில் ஒளிர்கிறதா என்பதே கேள்வி. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பும், அதனால் அப்போது பரிசோதனைகள் நெருக்கமாக இருக்கும். இதயத்துக்கு வெளியேயும், சிலருக்கு மூளையிலும் திரும்பலாம். புதிய தலைவலி, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் இருந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. டாக்சோரூபிசினின் பாதிப்பு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும் என்பதால், புற்றுநோய் மருத்துவர் ‘இனி வர வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் இதய மருத்துவரிடம் எக்கோவுக்குப் போய்வருவது தொடர வேண்டும்.